ஒரு முஷ்டி, ஓர் உள்ளங்கை

ஜனவரி 6

உனக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

லிப்ட் கம்பெனி கொடுத்த அறை மூன்றாவது மாடியில். சிரிக்காதே, இந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. எனக்குப் போதும். பேசி முடித்ததையே திரும்பவும் பேச வேண்டாம். நமக்குள் சண்டையும் இல்லை, மூன்றாவது ஆளும் இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். வக்கீல் தாளைத் தயார் செய்ததும் உனக்கு வரும்.

ஒரு விஷயம். அப்பாவுக்கு இதைப் பற்றி எதுவும் எழுதாதே. நானே ஒரு நாள் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அவருக்குக் காது கேட்காது, ஃபோனில் பேச முடியாது. எனக்கோ கடிதம் எழுத வராது. கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டுச் செய்தியெல்லாம் உன் கையெழுத்தில்தான் அவருக்குப் போகிறது. திடீரென்று நிறுத்தினால் மோப்பம் பிடித்துவிடுவார். எப்போதும் போல எழுதிக்கொண்டிரு. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலை அதிகம் என்று போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன் என்று போட இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆகவே எதுவும் போடவில்லை.


ஜனவரி 14

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கும் உடம்பில் குறை ஒன்றுமில்லை.

மாமாவிடம் சொல்ல மாட்டேன். உங்களுக்காக வாயை மூடிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, எனக்கென்று உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பி அனுப்புகிறவர் அவர் ஒருவர்தான். நீங்கள் இல்லையென்றால் நான் அவருக்கு யார்? உண்மையைச் சொன்னால் 'நல்லா இரும்மா' என்று ஒரு வரி வரும். அதோடு எல்லாம் முடிந்துவிடும். அந்த வரி எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் எனக்கு லாபம்தான். பயமாக இருக்கிறது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் பச்சைச் சட்டையைச் சலவைக் கடையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிவிக்கவும்.


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி, இருமல், சர்க்கரை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதவும். போன முறை போல 'எல்லாம் இருக்கிறது' என்று எழுத வேண்டாம்.

உங்கள் மகனுக்கு வேலை அதிகம். நன்றாகச் சாப்பிடுகிறார்.

எங்கள் ஊட்டச்சத்துத் துறை இந்த வருடம் புது உணவு வழிகாட்டி அச்சிடப் போகிறது. ஒருவர் ஒரு நாளில் எந்தெந்த வகை உணவை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லும் புத்தகம் அது. பழையதில் எல்லாம் கிராமில் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் தராசே கிடையாது என்று எங்கள் துறைக்கு மெதுவாகத்தான் விளங்கியது. ஆகவே இந்த முறை அவரவர் கைதான் அளவு. சுருக்கமாகச் சொல்கிறேன். தானியம், அதாவது சோறோ ரொட்டியோ, வேளைக்கு ஒரு முஷ்டி. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி இவற்றில் ஏதாவது ஒன்று, ஓர் உள்ளங்கை. காயும் கீரையும் இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் எவ்வளவோ அவ்வளவு. பழம் ஒரு முஷ்டி. எண்ணெய் பெருவிரலின் நுனிக் கணு அளவு. பால் நாளுக்கு இரண்டு தம்ளர். பெரிய ஆளுக்குப் பெரிய கை இருப்பதால் கணக்கு அதுவாகவே சரியாகிவிடும் என்பது எங்கள் எண்ணம்.

அச்சுக்குப் போகும் முன் சில வீடுகளில் சோதித்துப் பார்க்கிறோம். உங்கள் வீட்டையும் சேர்த்துவிட்டேன். கேட்காமல் சேர்த்ததற்குக் கோபிக்க வேண்டாம். வரைவுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்து, சாப்பிட்டு, குறைகளை எழுதவும். தினமும் எதை எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று குறித்து மாதம் ஒரு தாளும் அனுப்பவும்.

பணிவுடன்,
மருமகள்


பிப்ரவரி 20

அன்புள்ள தராசுக்கு,

நீ கேட்டபடியே தனித்தனியாக. முழங்கால் இருக்கிறது. இருமல் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. சர்க்கரை ரத்தத்தில் இருக்கிறது, டப்பாவில் இல்லை. போதுமா? நீங்கள் இருவரும் எப்படி? என் பிள்ளை இன்னும் நின்றுகொண்டே சாப்பிடுகிறானா? உட்காரச் சொல்.

உன் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒட்டின கையோடு பசி போய்விட்டது. எதிர்வீட்டு நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு என் காதுக்குள்ளேயே வாயை வைத்துக் கத்தினாள்: "இப்பவாவது ஒழுங்கா சாப்பிடுவீங்களா?" நான் சொன்னேன், "இதுல டீ எங்க இருக்கு, அதக் காட்டு மொதல்ல." விரலால் தேடினாள், தேடினாள், இல்லை. நாள் முழுக்க நான் அதிகம் உள்ளே தள்ளுவது டீதான். அதற்கு ஓர் உணவுக் குழுகூட ஒதுக்காத துறை என்ன துறை? இது என் முதல் புகார். எழுதிக்கொள்.

இரண்டாவது புகார் பெரியது. முஷ்டி என்கிறாய். என் வலது கை வாதத்தில் வீங்கி மூடவே மாட்டேன் என்கிறது. பேனாவை எப்படியோ பிடிக்கிறேன், அந்த அழகு என் எழுத்திலேயே தெரியும். சரி, இடது கையை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அதன் பெருவிரலைத் தகரப் பட்டறையில் வெட்டு மெஷின் எப்போதோ எடுத்துக்கொண்டது. பெருவிரலே இல்லாதவனுக்கு எண்ணெயும் இல்லையா? இரண்டு கையையும் சேர்த்துக் கீரை அள்ளினால் பாதி தரையில் கிடக்கிறது. அரசாங்கம் என்னை வேண்டுமென்றே பட்டினி போடுகிறது என்று நர்ஸம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வழி இருக்கிறது. என் பிள்ளையின் கையும் பழுதாகாத காலத்து என் கையும் ஒரே அச்சு. பட்டறையில் நாங்கள் எதையும் முதலில் தாளில் வரைந்து, அந்தத் தாளைத் தகரத்தின் மேல் வைத்து வெட்டுவோம். அவன் கையை ஒரு தாளில் விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. உள்ளங்கை தெரிந்தால் முஷ்டியைக் கணக்குப் போட்டுக்கொள்வது என் பாடு. அந்த அளவுக்குத் தகரத்தில் கிண்ணங்கள் அடித்துக்கொள்கிறேன். கத்தரியைப் பிடிக்க இந்தக் கை இன்னும் உதவுகிறது.

இப்படிக்கு,
குழுவில் இடமில்லாத டீயைக் குடித்தபடி,
மாமா


மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அலுவலகத்தில் நெருக்கடி. இங்கே இருவரும் நலம். இருமலுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது பாட்டில் அலமாரியில் அழகுக்கு இருக்கிறதா?

டீ உணவுக் குழு ஆகாது. அதில் நீங்கள் போடும் பாலைப் பால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரையை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, நிறுத்தத்தான் முடியும்.

கேட்டிருந்த தாள் இத்துடன் இருக்கிறது. உங்கள் மகன் காலையில் கிளம்பும் அவசரத்தில் இருந்தார், அதனால் கோடு அங்கங்கே கோணலாக இருக்கும். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கவலைப்பட வேண்டாம். காலையில் ஒரு முஷ்டி தானியம், ஒரு முட்டை, ஒரு பழம். மதியம் ஒரு முஷ்டி தானியம், ஓர் உள்ளங்கை பருப்பு, இரு கை காய். இரவிலும் அப்படியே. இரண்டு தம்ளர் பால். உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்.

பணிவுடன்,
மருமகள்


மார்ச் 25

அன்புள்ள தராசுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மருந்து பாட்டில் காலி, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கை வந்து சேர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல தாள். தகரத்தில் வைத்து வெட்டி, தட்டி, ஓரம் மடித்து நாலு கிண்ணம் செய்துவிட்டேன். தானியத்துக்கு ஒன்று, புரதத்துக்கு ஒன்று, காய்க்குப் பெரியதாக ஒன்று, எண்ணெய்க்கு விரல் நுனி போல ஒன்று. நேற்றிலிருந்து அதில்தான் சாப்பாடு. நர்ஸம்மா வந்து பார்த்து, "என்ன, பொம்மை வீடு விளையாடறீங்களா?" என்று கேட்டாள். கேட்டதாகத்தான் நினைக்கிறேன், வாய் அப்படித்தான் அசைந்தது.

நீ என்ன சாப்பிடுகிறாய்? போன கடிதத்தில் அதை எழுதவே இல்லை.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடல்நலம் அறிந்து மகிழ்ச்சி. இங்கும் எல்லோரும் நலம்.

உங்கள் கைகளைப் பற்றிய புகாரைக் கூட்டத்தில் வாசித்தேன். தலைவர் ஒரு டாக்டர். "விரல் இல்லாதவங்களுக்குன்னு தனி வழிகாட்டி போட முடியுமாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில், கையால் அளக்க முடியாதவர்கள் வீட்டிலுள்ள மற்றொருவரின் கையைப் பயன்படுத்தலாம் என்று ஓர் அடிக்குறிப்பு சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். அந்த அடிக்குறிப்பு உங்களுடையது.

அன்றைய பெரிய சண்டை வேறொரு வரிக்காக. 'இயன்றவரை பிறரோடு சேர்ந்து உண்ணுங்கள்' என்று ஒருவர் சேர்க்கச் சொன்னார். நான் எதிர்த்தேன். எத்தனை பேர், எத்தனை வேளை, யாரோடு என்று அளக்க முடியாததை வழிகாட்டியில் போடக் கூடாது என்றேன். என் பக்கம் ஓட்டு அதிகம் விழுந்தது. வரியை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் மகன் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறார். போகுமிடத்திலும் அளவு தவறாமல் சாப்பிடுகிறார். நானும் சாப்பிடுகிறேன்.

உங்கள் மாதத் தாளில் தானியம் ஒரு கிண்ணத்துக்கு மேல் ஒரு நாளும் போகவில்லை என்று பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காகச் சோதனை செய்கிற வீடு வேறில்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

பணிவுடன்,
மருமகள்


மே 10

அன்புள்ள தராசுக்கு,

முழங்கால் கொஞ்சம் தகராறு செய்கிறது. மற்றபடி குறைவில்லை. உனக்குத் தலைவலி வருமே, அது எப்படி இருக்கிறது?

ஓட்டில் ஜெயித்ததற்கு வாழ்த்து. நீ சொன்னது சரிதான். சேர்ந்து சாப்பிடு என்று அரசாங்கம் சொல்லக் கூடாது. உன் அத்தை இருந்த காலத்தில் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். உப்புக்கு ஒரு சண்டை, தண்ணீர் வைக்காததற்கு ஒரு சண்டை, மிச்சம் வைத்ததற்கு ஒரு சண்டை. ஒரு நாள் கோபத்தில் நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அவளும் தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து உட்கார்ந்து மிச்சச் சண்டையைப் போட்டு முடித்தாள். அவள் போன பிறகு ஒரு வாரம் நான் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறேன், கவனிக்கவே இல்லை. இதையெல்லாம் எந்தக் குழுவில் சேர்ப்பார்கள்?

'நானும் சாப்பிடுகிறேன்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். என்ன, எவ்வளவு என்று காணோம். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவளுக்கு இது அழகில்லை. தகரம் மிச்சமிருந்தது. எனக்குச் செய்த அதே அச்சை வைத்து உனக்கும் நாலு கிண்ணம் அடித்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன், கையைக் கிழிக்காது. அதில் போட்டுச் சாப்பிடு.

இப்படிக்கு,
மாமா


மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

பார்சல் வந்தது. கிண்ணத்துக்குள் என் முஷ்டியை வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. இன்னொரு கிண்ணத்தில் உள்ளங்கையை வைத்தேன். அதுவும் சரியாக இருந்தது.

மார்ச் மாதம் நான் அனுப்பியது உங்கள் மகனின் கை அல்ல. என் கையைத் தாளில் வைத்துக் கோடு போட்டேன். அதற்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளிப் பெரிய கோடு ஒன்று போட்டேன். பிறகு உள்கோட்டை ரப்பரால் அழித்தேன். நீங்கள் அழித்த கோட்டைப் பார்த்து வெட்டியிருக்கிறீர்கள். எப்போது தெரிந்தது என்று கேட்கப் போவதில்லை. நேற்று உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். அந்தத் தாள் வந்து சேர்ந்த பிறகு ஒரு கடிதத்தில்கூட நீங்கள் அவரை விசாரிக்கவில்லை.

அவர் ஜனவரியிலேயே போய்விட்டார். வேறு ஊரில் தனி அறையில் இருக்கிறார். விவாகரத்துக்கு இருவரும் சம்மதித்திருக்கிறோம். யார் மேலும் குற்றமில்லை. அவரே உங்களிடம் நேரில் சொல்வதாக இருந்தார். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நான் எழுதியதெல்லாம் வரைவு வழிகாட்டியின் நான்காம் பக்கத்திலிருந்து எடுத்தது. அவர் சாப்பிடுவது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் ஒன்றுதான். சொல்லிவிட்டால் உங்கள் கடிதம் நின்றுவிடும் என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். என் கை உங்கள் கையைவிடச் சிறியது. ஆகவே மார்ச்சிலிருந்து நீங்கள் உங்கள் தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள். அது என் தவறு. தயவுசெய்து இன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றரைக் கிண்ணமாக எடுத்துக்கொள்ளவும். எண்ணெயை மட்டும் கூட்ட வேண்டாம்.

சோதனை இந்த மாதத்தோடு முடிகிறது. இனி நீங்கள் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் எழுதினால் உங்களை எப்படி அழைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

பணிவுடன்,
இங்கே என்ன போடுவதென்றும் தெரியவில்லை


ஜூலை 8

உனக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலமில்லை, காரணம் நீ.

அப்பாவிடம் என்ன எழுதினாய்? ஜூன் கடைசியில் ஒரு நாள் கதவைத் திறந்தால் அப்பா நிற்கிறார். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்குகிறது, கையில் ஒரு பை. உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், போன மாதம் வாங்கிய ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரு பாட்டில் தண்ணீரும் பாதி எலுமிச்சம்பழமும்தான் இருந்தன. அப்புறம் ஆரம்பித்தார். "உனக்கு வாய் இல்லையாடா? அவ எழுதித்தான் எனக்குத் தெரியணுமா?" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரியாது, உனக்குத் தெரியும்தானே.

நானும் கத்தினேன். ஆறு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் கத்தித் தீர்த்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார். போகும் முன் தெளிவாகப் பேசிவிட்டேன். இனி அப்பாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நமக்குள் எல்லாம் முடிந்துவிட்ட நிலையில் அவருக்கும் உனக்கும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வது யாருக்கும் நல்லதில்லை என்று விளக்கிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஆகவே நீயும் எழுதி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். உன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

வக்கீல் தாள் அடுத்த வாரம் வரும். பச்சைச் சட்டை கிடைத்தது, நன்றி.


ஜூலை 20

அன்புள்ள தராசுக்கு,

உடம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ மீதியைப் படிக்க மாட்டாய். மூன்று மாடி ஏறியதில் முழங்கால் கோபித்துக்கொண்டது. நர்ஸம்மா எண்ணெய் கொடுத்தாள். தடவ, குடிக்க அல்ல. இப்போது நடக்கிறேன்.

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. கோபம். உன் மேலும்தான். என் காது கேட்காதுதான், அதற்காக அதில் பூச்சுற்றலாமா? துறைப் புத்தகத்தின் நான்காம் பக்கத்திலிருந்து என் பிள்ளைக்கு முட்டை ஊட்டியிருக்கிறாய். அவன் முட்டையைப் பால் பற்களோடு விட்டவன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய்யைக்கூட உனக்குச் சொந்தமாகச் சொல்லத் தெரியவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்ததும் உள்ளே ஒரு சின்னக் கை தெரிந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவன் அங்கே இல்லை, நீ தனியாக இருக்கிறாய், அதையும் எனக்குச் சொல்லாமல் இருக்கிறாய் என்று மூன்றும் ஒன்றாகப் புரிந்தது. கேட்டால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாயோ என்று எனக்கும் பயம். அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். யாருடைய பயம் பெரியது என்று உன் தராசில் வைத்துப் பார்.

ஒன்றரைக் கிண்ணம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். தராசு, நான் முதல் நாளிலிருந்தே இரண்டு கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மாதத் தாளில் மட்டும் ஒன்று என்று எழுதினேன். ஒழுங்கான வீடு என்று கூட்டத்தில் பாராட்டினார்களாமே, அந்த டாக்டரிடம் இதைச் சொல்லிவிடாதே. பொய்யில் நாம் சரிக்குச் சரி.

அவன் கம்பெனிக்கு எழுதி விலாசம் வாங்கி, அவனைப் போய்ப் பார்த்தேன். நான் கத்தினது தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் கத்தினது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தேன், ரொம்ப நாளாகத் தூங்காத முகம். பருப்பும் சோறும் ஆக்கி வைத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டான். இரண்டாம் தடவை போட்டபோது உட்கார்ந்தான். அவன் என் பிள்ளை, அவனை நான் விட மாட்டேன். மாதம் ஒரு தடவை போவேன். அதில் நீ மனம் நோகக் கூடாது. உங்கள் இருவரையும் சேர்த்துவைக்கவும் நான் வரவில்லை. அந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது அவன் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து நீளமாக ஏதோ பேசினான். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். உன் பேரைச் சொன்னது மட்டும் வாய் அசைவில் தெரிந்தது. மூட்டை கட்டி முடித்துவிட்டிருந்தேன், வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் பேசுகிற பிள்ளையை ஏமாற்றக் கூடாது என்று நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்னை எப்படி அழைப்பது என்று கேட்டிருந்தாய். அவனும் நீயும் அந்த வக்கீல் தாளில் கையெழுத்துப் போடுவீர்கள். போடுங்கள். அது உங்கள் இரண்டு பேர் விவகாரம். என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டாலும் இந்தக் கையால் போட வராது.

சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு வர வேண்டாம், வழி தெரியும். அரிசியை நிறையவே போடு.

உன்
மாமா